குற்றம் உபயோகிப்போரிடமா?

லித்தியம் அயனி மின்கலத்தில் குறையேதும் இல்லை, இரவு முழுதும் சார்ஜில் போட்டுவைக்கும் ஜனங்களின் அலட்சியமே சகல தொல்லைகளுக்கும் காரணம் என்று வாதிக்கும் நண்பர், அந்த மின்கலத்தின் சுபாவத்தையே கவனிக்க மறந்துவிட்டார் என்று அழுத்தமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இக்கலம், தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் நாளடைவில் க்ஷீணிப்பது. வெப்பத்தில், முழு மின்னேற்றத்தோடு கிடந்தால் இன்னும் துரிதமாக க்ஷீணிப்பது. உள்ளே இருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றக்கூடியது. இதில் உபயோகிப்பவர் செய்த அபராதம் என்ன? 2016-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட கேலக்ஸி நோட் 7 கைபேசிகள் எரிந்ததற்கு மின்கலத்தின் வடிவமைப்பும் தயாரிப்புமே காரணம் என்று சாம்சங் நிறுவனமே மறு ஆண்டு அறிவித்தது. அதே 2016 செப்டம்பரில், சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில் புகைந்த கைபேசி, பயணியின் கையில்கூட இல்லை; தலைக்குமேல் சாமான் வைக்கும் தட்டில் இருந்தது.

பொன்முடி போகும் வழியிலுள்ள கல்லாறு போன்ற மலைக்கிராமத்தில், பெருமழையில் மின்சாரம் நின்றுபோன இரவில், பசையிட்டு மூடிய கைபேசியின் பழைய மின்கலம் பாதியில் அணைந்துவிட்டால், மாற்றுக்கலம் வைத்திருப்பவரும் அதைப் பொருத்த வழியின்றித் தவிக்க வேண்டியதுதான். கலம் தேய்வது ரசாயன நியதி. அதை மாற்ற முடியாதபடி அடைத்தது வியாபாரிகளின் தீர்மானம். 2027 பிப்ரவரி முதல் உபயோகிப்பவரே கழற்றத்தக்க மின்கலத்தை ஐரோப்பிய ஒன்றியம் பொதுவிதியாக்குகிறது; அவ்விதியை இங்கும் கோராமல், வாங்கியவரையே நண்பர் கடிந்துகொள்வது நியாயமன்று.