பூவுக்கும் ஷிஃப்ட் உண்டு

விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று மைன்ஸ் மூடியதிலிருந்து தங்கவயலின் பிழைப்பு அந்த ரயிலில்தான் தொங்கிக்கொண்டு போகிறது. அதே நேரத்தில் ஆண்டர்சன்பேட்டைப் பக்கமிருந்து கிராமங்களை நோக்கிப் போகும் டெம்போக்களை யாரும் கண்டுகொள்வதில்லை. ஏறுகிறவர்கள் பெண்கள். களை எடுக்க, கொடி கட்ட, தக்காளி பறிக்க. விதைக் கம்பெனிக்காக நெட் ஹவுஸ் போட்டிருக்கும் ஊர் என்றால் ‘கிராசிங்’ வேலைக்கு.

எங்கள் லைனில் ஒரு அக்கா பல சீசனாக அதற்குப் போகிறார். “இன்னா வேலைக்கா அது?” என்று கேட்டேன். “பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறது தம்பி. தாலிக்குப் பதிலா இடுக்கி” என்றார்.

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் இருக்கும். விட்டால் தன் தூளைத் தானே வாங்கிக் காய்த்துவிடும். கம்பெனிக்கு வேண்டியது இரண்டு ரகங்களின் கலப்பு. அதனால் நாளைக்கு விரியப்போகிற மொட்டை இன்று பிற்பகலே தேடிப் பிடிக்க வேண்டும். இதழ் வெளிர்மஞ்சளாகி, வாய் திறந்தும் திறக்காமலும் இருக்கும் மொட்டு. இடுக்கி நுனியால் உள்ளே இருக்கும் மகரந்தக் கூம்பை, நடுத்தண்டு முறியாமல் உருவி எடுக்கிறார்கள். ஒரு மொட்டு மூத்துப்போயிருந்தால் அதன் தூள் ஏற்கெனவே கொட்டியிருக்கும். கிள்ளி எறிய வேண்டும். மறுநாள் காலையில், ஆண் வரிசையில் பறித்து உலர்த்திச் சலித்து வைத்த தூள் வரும். மோதிரத்தில் பொருத்திய சின்னஞ்சிறு கிண்ணத்தில் அதை வைத்து விரலில் மாட்டிக்கொண்டு, சூல்முடியை அதில் தொட்டு எடுக்கிறார்கள். கலந்த பூ என்று தெரிவதற்காகப் பச்சைப் புல்லிதழில் இரண்டைக் கத்தரித்துவிட வேண்டும். பழுத்த பிறகு காம்படியில் அந்தக் கத்தரிப்பு இல்லாத பழம் வந்தால் விதைக்கு ஆகாது.

பூ பூவாக, குனிந்தபடி, நாள் முழுக்க. யார் கை சுத்தம், யார் கை அவசரம் என்பது வயலில் வைத்துத் தெரியாது. கம்பெனி அந்த விதையில் கொஞ்சம் எடுத்து நட்டு வளர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியும். லாட்டு தேறவில்லை என்றால் நஷ்டம் விவசாயிக்கு. அந்தப் பயத்தில் விவசாயி மேஸ்திரியைத் திட்டுவார், மேஸ்திரி பெண்களைத் திட்டுவார்.

இந்த வேலைக்கு மெல்லிய சின்ன விரல்தான் சரிப்படும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புவதில்லை. 1970-ல் சூரத்தில் சி.டி. பட்டேல் எச்-4 என்ற கலப்பினப் பருத்தியை வெளியிட்டார். வணிக அளவில் பயிரான கலப்பினப் பருத்தி உலகத்திலேயே அதுதான் முதல். விதை முழுக்க முழுக்கக் கை வேலை. ஆந்திராவிலும் சேலம், தர்மபுரி பக்கத்திலும் பருத்தி விதை வயல்களில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பெண் குழந்தைகளை இறக்கிவிட்டது அந்த வேலைதான். விரல் சின்னது என்பதற்காக இல்லை, கூலி சின்னது என்பதற்காக. வனிலாவின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், வனிலாப் பூவைக் குச்சியால் விலக்கிக் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். குடகில் காய்க்கும் வனிலாவும் இன்றுவரை அப்படித்தான் காய்க்கிறது. அவன் வறுமையில் செத்தான்.

அக்காவிடம் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் நேரம். மைன்ஸ் இருந்த காலத்தில் சங்கு ஊதினால் ஊரே எழுந்து உட்காரும். பூவுக்கும் ஷிஃப்ட் உண்டு. பூசணி பொழுது விடியுமுன் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் வாய் மூடிக்கொள்ளும். தர்பூசணியும் காலை ஷிஃப்ட்தான். மத்தியானத்துக்குப் பிறகு போய் நின்று பிரயோஜனமில்லை. பீர்க்கை சாயங்காலம் விரியும். மழை மூட்டத்தில் பொழுது தெரியாத நாட்களில் பீர்க்கம்பூவைப் பார்த்து விளக்கேற்றியவர்கள் நம் பாட்டிமார். சுரைப்பூ இரவு ஷிஃப்ட், அதற்கு அந்துப்பூச்சி வரும். கைவேலையாகச் செய்யும் வயலில் இத்தனை நேரத்துக்கும் ஆள் ஏற்பாடு செய்தாக வேண்டும். மற்ற வயல்களில் ஏற்பாடு எதுவும் இல்லாமலே இத்தனை ஷிஃப்டும் நடந்துகொண்டிருக்கிறது. கூலிப் பட்டியல் இல்லை, அதனால் ஆள் குறைந்தாலும் யாருக்கும் தெரிவதில்லை.

குறைந்திருக்கிறது. கோலார் சீமையில் ராகிக்கு நடுவே சால் விட்டு அவரை, துவரை, உச்செள்ளு விதைப்பார்கள். கன்னடத்தில் அக்கடி சாலு. உச்செள்ளு தன் தூளைத் தான் ஏற்காத பயிர். தேனீ வந்தால்தான் மணி பிடிக்கும். கிருஷ்ணகிரி பக்கத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் அதற்கென்று பையூர்-1 என்ற ரகமே வெளியிட்டது. தக்காளியும் தைலமரமும் ராகியைத் தள்ளிக்கொண்டு வந்த இடங்களில் அந்த மஞ்சள் சால்கள் போயின. தைலமரம், எங்கள் பக்கம் நீலகிரி மரம், 1980-களில் சமூகக் காடு என்ற பெயரில் இந்த மாவட்டத்தில் பரவியது. நிலத்தடி நீரைக் குடித்துவிட்டது என்று அதன்மேல் ஊருக்கே கோபம். 2017-ல் கர்நாடக அரசு புதிதாக நடக் கூடாது என்று தடை போட்டது. எனக்கும் அந்த மரத்தின்மேல் பிரியமில்லை. ஆனால் தேனீக்கு அது நல்ல தீவனம். வெட்டிய இடத்தில் புங்கன், புளி, நாவல் என்று எதையாவது வைக்காமல் வெட்டிக்கொண்டே போனால், தேனீக்கள் சித்திரைக்கு எங்கே போகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு கொள்ளை நோய் வந்துபோயிருந்தது. 1991-92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியா முழுக்க அடுக்குத் தேனீயைத் தாக்கியது. புழுக்கள் தோல் பைக்குள் நீராகி அடையிலேயே செத்தன. மார்த்தாண்டம் முதல் குடகு வரை பெட்டிகள் காலியாயின. பிறகு பெரிய பெட்டியோடு இத்தாலியத் தேனீ வந்தது. உள்ளூர்க் கூட்டங்கள் மெல்லத் தேறி வந்தாலும், வைத்து வளர்க்கிற ஆட்கள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை.

மாவுக்கு வருவோம். கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரம் தாலுகா மாவுக்குப் பெயர் போனது. மார்கழி, தை மாதங்களில் மரம் முழுக்கப் பூ. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூக்கும்; காயாக நிற்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மாம்பூவில் அதிகம் உழைப்பது தேனீயை விட ஈதான். வீட்டு ஈ, நீல ஈ, மிதவை ஈ. தைவானில் தோட்டக்காரர்கள் ஈயை வரவழைக்க அழுகிய மீனைத் தோட்டத்தில் வைப்பார்களாம். நம் தோட்டத்தில் நடப்பது தலைகீழ்: தத்துப்பூச்சிக்கு என்று சொல்லி, பூ முழுக்க விரிந்திருக்கும் நேரத்தில், அதுவும் காலை வெயிலில், மருந்து அடிக்கிறார்கள். தத்துப்பூச்சி உண்மையான எதிரிதான், பூவைக் கருக்கிவிடும். மொட்டாக இருக்கும்போதே அடிக்கலாம், பொழுது சாய்ந்தபின் அடிக்கலாம். ஆனால் ஸ்பிரேயர் ஆள் கிடைக்கிற நேரம்தான் மருந்து அடிக்கிற நேரம்.

தேனீயின் வேலைக்குக் காசு கொடுக்கிற இடங்களும் உண்டு. கலிபோர்னியாவில் பிப்ரவரியில் பாதாம் பூக்கும். அமெரிக்காவின் வணிகத் தேனீப் பெட்டிகளில் பெரும்பங்கு லாரி ஏறி அங்கே போய்விடும். ஒரு பெட்டிக்குச் சுமார் 200 டாலர் வாடகையைத் தோட்டக்காரர் கொடுக்கிறார். நம் நாட்டில் இமாசலப் பிரதேச ஆப்பிள் தோட்டங்களில் பெட்டி வாடகை நடைமுறையில் இருக்கிறது. மார்த்தாண்டத்துக்காரர்கள் ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைக்கிறார்கள்; ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, துளிர் இலைக் காம்பில் சுரப்பது. ஆகவே தோட்டத்துக்குத் தேனீயால் லாபமில்லை, இடத்துக்காகத் தேனீக்காரர் ஏதாவது கொடுப்பது நியாயம். மாந்தோப்பிலும் அதே வழக்கம் என்றால்தான் கணக்கு இடிக்கிறது.

கொடுப்பதற்குத் தோட்டக்காரரிடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2025 ஜூனில் தோத்தாபுரி விலை சரிந்து, சித்தூர் மாவட்டம் கர்நாடகத்துக் காயை உள்ளே விடமாட்டேன் என்று தடை போட்டது. சீனிவாசபுரத்தில் கடையடைப்பு நடந்தது. பறிகூலிக்கே காணாத வருஷத்தில் தேனீக்கு வாடகை கேட்டால் அடிக்க வருவார்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மானியத்தில் பெட்டி கிடைக்கிறது. எத்தனை பெட்டி கொடுத்தோம், எத்தனை கிலோ தேன் என்று கணக்கு எழுத முடியும். எத்தனை மாங்காய் கூடியது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் என்ற கட்டமும் இல்லை.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அப்படிச் சில பெட்டி வாங்கினான். அவன் திறந்து காட்டியபோது கூட நின்று பார்த்தேன். பெட்டியின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில். தண்ணீர் வற்றினால் அன்று இரவே எறும்பு ஏறிவிடும். சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணறையின் அடியில் வெள்ளை ஊசி மாதிரி முட்டை நிற்கிறதா என்று பார்த்தான். முட்டை இருந்தால் ராணி இருக்கிறாள். ஓர் அடையின் ஓரத்தில் மெழுகுப்பூச்சி நூல் கட்டியிருந்தது. அந்தப் பகுதியை அறுத்து எடுத்தான். மழைக்காலத்தில் பூ இல்லாத வாரங்களில் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும், மறந்தால் கூட்டம் பெட்டியை விட்டுக் கிளம்பிவிடும் என்றான். பெட்டி வாங்கியவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இழந்தார்களாம்.

அவனுக்காக ஒரு மாந்தோப்புக்காரரிடம் பேசப் போனோம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற, நல்ல மனிதர். பெட்டி வைக்கத் தடையில்லை என்றார். ஒரே நிபந்தனை: மருந்து அடிக்கிற அன்றைக்குப் பெட்டி அங்கே இருக்கக் கூடாது. முதல் நாள் போன் பண்ணிச் சொல்வார்.

பையன் என்னைப் பார்த்தான். தேனீ எல்லாம் வீடு திரும்ப இருட்ட வேண்டும். அதன்பிறகுதான் வாசலில் கம்பிவலை அடித்து, காற்று புகும்படி கட்டி, டாடா ஏஸில் ஏற்ற முடியும். பக்கத்துத் தோட்டத்தில் இறக்கினால் போதாது. விடிந்ததும் பழைய இடத்துக்கே பறந்து வந்து, பெட்டியைக் காணாமல் சுற்றும். சில கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். மருந்தின் வீரியம் குறைந்தபின் மறுபடி ஓர் இரவு ஏற்றி வர வேண்டும். ஒரு சீசனில் மூன்று முறை மருந்து அடித்தால் இதெல்லாம் மூன்று முறை.

“அதுக்கு வண்டி வாடகை, ஆள் கூலி எல்லாம் ஆவுமே சார்” என்றான்.

தோப்புக்காரர் சற்று யோசித்துவிட்டுப் பெரிய மனதோடு சொன்னார்: பெட்டிக்கு ஒரு பாட்டில் தேன் போதும், அதற்கு மேல் கேட்க மாட்டேன். கொடுக்க வேண்டியவன் பையன்.