சைக்கிளுக்கு ஒரு பெட்டி

சென்ற இதழில் வெளியூர் போகும் பிள்ளைகளுக்கு ஊறுகாய் ஜாடியைக் கசியாமல் கட்டிக் கொடுப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை ஜாடி அல்ல, சைக்கிள்! சிரிக்காதீர்கள். சைக்கிளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிற காலம் வந்துவிட்டது. அது புளியஞ்சோலையில் எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகள் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஓட்டக் கற்றவள். இப்போது கோயமுத்தூரில் வேலை. அங்கே சிநேகிதிகளோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை நூறு கிலோமீட்டர், இருநூறு கிலோமீட்டர் என்று ஓட்டுகிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வடக்கே ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பணம் கட்டி, சைக்கிளைப் பிளாஸ்டிக் குமிழ்த் தாளில் சுற்றி விமானத்தில் போட்டுவிட்டாள். போய் இறங்கிப் பிரித்தால் பின் கியர் சக்கரத்துக்குள் வளைந்து கிடந்தது. கியரைத் தாங்குகிற கட்டை விரல் அளவு அலுமினியத் துண்டு ஒன்று உண்டு, ஹேங்கர் என்கிறார்கள். அடி பட்டால் சைக்கிளின் சட்டம் உடையாமல் தான் வளைந்து கொடுக்க வேண்டும் என்றே அதை மெல்லியதாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு தினுசு. அந்த ஊரில் அவள் சைக்கிளுக்குப் பொருந்துவது கிடைக்கவில்லை. கட்டிய பணம், எடுத்த லீவு எல்லாம் போய், ஓட்டத்தை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாள். போனில் அவள் அழுததை நான் மறக்கவில்லை.

அதனால் சென்ற வருஷம், “அம்மா, மணாலியிலிருந்து லே வரைக்கும் சைக்கிளில் போகப் போறோம்” என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்த கவலை மலையைப் பற்றி அல்ல. “எதிலடி வச்சுக் கொண்டு போவே?” என்றுதான் கேட்டேன்.

“அங்கேயே வாடகைக்கு எடுத்தா என்ன?” என்றார் இவர். நியாயமான கேள்வி. ஆனால் என் பெண் ஐந்தடிக்கும் ஒரு விரல் குறைவு. வாடகை சைக்கிள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள் உயரத்துக்குத்தான் இருக்கிறது. சீட்டு உயரம் சரியில்லாமல் நாள் முழுக்க மேடு மிதித்தால் முழங்கால் வலி பிடித்துக்கொள்ளும். அவளுக்கு ஏற்கெனவே ஒரு முறை வந்து, மூன்று வாரம் தைலம் தேய்த்தவள் நான். மணாலி-லே பாதை சுமார் 430 கிலோமீட்டர். வழியில் உள்ள தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலே. நம் கொல்லிமலையின் உச்சியே அதில் பாதிகூட வராது, நினைத்துப் பாருங்கள். அங்கே பழகிய சைக்கிள்தான் வேண்டும் என்று அவள் சொன்னது சரி.

அந்தச் சமயம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் மகன் வந்தான். அவனுக்குக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் ஏறிவிட வேண்டும் என்று ஆசை. புளியஞ்சோலையிலிருந்து மலைக்கு நடைபாதைதான் உண்டு. சைக்கிள்காரர்கள் நாமக்கல் பக்கம் சுற்றிக் காரவள்ளி அடிவாரம் போய் ஏற வேண்டும். அவன் கொண்டு வந்த பெட்டியைப் பார்க்க வேண்டுமே! கறுப்பு நிறம், கல் மாதிரி கெட்டி, அடியில் சக்கரங்கள், பூட்டு. இரண்டு சக்கரத்தையும் ஹேண்டிலையும் கழற்றி உள்ளே வைத்தால், மேலே யானை ஏறினாலும் பயமில்லை என்கிற மாதிரி. ஆனால் திருச்சி விமான நிலையத்தில் அது டாக்சிக்குள் நுழையவில்லை. பின் சீட்டைச் சாய்த்தும் நுழையவில்லை. கடைசியில் மேல் கேரியர் வைத்த வண்டி தேடிப் பிடித்து, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு எழுபது கிலோமீட்டருக்கு மேல் வந்து சேர்ந்தான்.

“அத்தை, என் பெட்டியையே அவ எடுத்துக்கட்டும். நான் திரும்பிப் போறப்ப அட்டைப் பெட்டியில வச்சுக்கிறேன்” என்றான் தங்கமான பிள்ளை. எனக்கும் சபலம்தான். அந்தப் பெட்டியின் விலையில் நல்ல சைக்கிளே ஒன்று வாங்கலாமாம்!

எதற்கும் நிறுத்துப் பார்ப்போம் என்று இவரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் நிற்கச் சொன்னேன். பிறகு இவரைத் தனியாக நிற்கச் சொல்லிக் கழித்துக்கொண்டேன். (இவர் எடை எவ்வளவு என்பதை இங்கே எழுதக் கூடாது என்று உத்தரவு.) காலிப் பெட்டியே 12 கிலோ! மகளின் மலை சைக்கிள் 13 கிலோ. ஆக 25. உள்நாட்டு விமானத்தில் அவள் டிக்கெட்டுக்கு அனுமதி 15 கிலோ. மிச்சம் பத்துக் கிலோவுக்குப் போக வரப் பணம் கட்டினால், அது பெட்டிக்கு நாம் கட்டுகிற வாடகை மாதிரிதானே?

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று எனக்குப் பட்டது. அவள் மணாலியில் சைக்கிளில் ஏறுகிறாள், லேயில் இறங்குகிறாள். பெட்டி எங்கே இருக்கும்? முதுகில் கட்டிக்கொண்டு கணவாய் ஏறுவாளா? அண்ணன் மகனுக்கு அந்தத் தொல்லை இல்லை. மலை ஏறிவிட்டு நம் வீட்டுக்கே திரும்பி வருகிறான், பெட்டி அதுவரை பத்தாயத்துக்குப் பக்கத்தில் சமர்த்தாக நிற்கிறது. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை பிரான்சில் நடக்கும் ஓட்டம் இருக்கிறது. 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நம் நாட்டிலிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள். மகளின் சிநேகிதிகள் நான்கு பேருக்கு 2027-இல் அங்கே போக எண்ணம். கிளம்புவதும் முடிப்பதும் ஒரே ஊர், பெட்டியை ஓட்டலில் விட்டுவிடலாம். அவர்களுக்குக் கெட்டிப் பெட்டிதான் சரி. இப்போதே சேர்ந்து ஒன்று வாங்கி, போகிறவர் வருகிறவர் மாற்றி மாற்றி உபயோகிக்கிறார்கள். அது புத்திசாலித்தனம். ஆகவே பெட்டி வாங்குமுன் விலையையும் பூட்டையும் பார்ப்பதற்கு முந்தி, சைக்கிள் ஓடுகிற நாளில் இந்தப் பெட்டிக்கு யார் வீட்டில் இடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவில் இன்னொரு ரகம், உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த பை. ஏழெட்டுக் கிலோ இருக்கும். காலியானால் மடித்துக் கட்டிலடியில் தள்ளலாம், டாக்சியிலும் நுழையும். ஆனால் பக்கவாட்டில் பாரம் விழுந்தால் அழுத்தம் உள்ளே போகும். லேயில் அதையும் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். வேண்டாம் என்று விட்டோம்.

கடைசியில் ஜெயித்தது அட்டைப் பெட்டி. புதுச் சைக்கிள் கடைக்கு வருகிறதே, அந்தப் பெட்டிதான். நாலரை அடி நீளம், இரண்டரை அடி உயரம், முக்கால் அடி அகலம் இருக்கும். எடை நாலு கிலோ. திருச்சியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் காசு வாங்காமல் கொடுத்தார். முன் சக்கரம், பெடல், சீட்டு இவற்றைக் கழற்றி ஹேண்டிலைத் திருப்பினால் போதும், பின் சக்கரம் அப்படியே இருக்கலாம். கழற்றுவது குறைந்தால் மறுபடி மாட்டுவதும் சுலபம், பாருங்கள். வாங்கும்போது பெட்டி ஈரம் படாததா, மூலை நசுங்காததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்து காய்ந்த அட்டை அப்பளம் மாதிரி உடையும்.

கட்டும் வேலையில்தான் என் கை பேசியது. பெடலைக் கழற்ற மகளும் இவரும் மல்லுக்கட்டினார்கள். இடது பெடலின் மரை தலைகீழ் மரை என்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது. ஸ்பானரின் பிடியை மேலே நிறுத்திப் பின் சக்கரத்தின் பக்கமாகத் தள்ளுங்கள், இரண்டு பெடலும் கழலும். சீட்டுத் தண்டை இறக்குமுன் பழைய உயரத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தோம். அங்கே போய் முழங்காலை வைத்து அளந்துகொண்டிருக்க வேண்டாமே. பின் கியரைக் கழற்றி, துணியில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்டினோம். போன தடவை வளைந்தது அதுதானே! புது ஹேங்கர் ஒன்றும் கடையில் வாங்கி, மஞ்சள் பையில் போட்டுச் சட்டத்திலேயே முடிந்தாயிற்று. முன் சக்கரம் போன இடத்தில் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே அளவாக ஒரு மரத்துண்டு. டிஸ்க் பிரேக்கின் நடுவில் மடித்த அட்டை, இல்லாவிட்டால் வழியில் யாராவது பிரேக்கை அழுத்தி இரண்டு கட்டையும் ஒட்டிக்கொள்ளும்.

சட்டத்துக்கு ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்சைக் கீறி மாட்டினோம். அது போதாத இடத்தில் என் பழைய நூல் புடவை. செயின் சக்கரத்தின் பல் அட்டையைக் குத்திக் கிழிக்கும் என்று தோன்றியது. தோப்பில் கிடந்த பாக்கு மட்டை இரண்டை ஊற வைத்து, அளவாக வெட்டி, இரவெல்லாம் பாரம் வைத்துக் காயவிட்டு அங்கே வைத்தேன். இதைச் சொல்லித் தரவேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையே! பெட்டியை ஆட்டிப் பார்த்தால் உள்ளே சத்தம் வரக் கூடாது. ஜாடிக்குச் சொன்ன அதே விதிதான்.

மொத்தம் 18 கிலோ வந்தது. மிச்ச மூன்று கிலோவுக்கு வீட்டிலிருந்தே முன்கூட்டிப் பணம் கட்டினாள். கவுண்டரில் போய்க் கட்டினால் அதிகம். அதோடு டிக்கெட் எடுக்குமுன் விமானக் கம்பெனிக்குப் போன் செய்து பெட்டியின் நீள அகலத்தைச் சொல்லிக் கேட்டாள். இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானங்களில் சரக்கு வாசலும் சின்னது, நீளப் பெட்டி நுழையாமல் போகலாம்.

டயரில் காற்றை இறக்கச் சொல்வார்கள். சரக்கு அறையிலும் காற்றழுத்தம் உண்டு, டயர் வெடிக்காது என்று என் மகள் வாதாடத் தயாராக இருந்தாள். வேண்டாமடி, இறக்கிவிட்டுப் போ என்றேன். விளிம்பு நசுங்காமல் இருக்கக் கொஞ்சம் காற்று மட்டும் விட்டு வைத்தாள். காற்றடிக்கும் கேஸ் குப்பியும் எண்ணெய் ஸ்பிரேயும் வீட்டிலேயே நின்றுவிட்டன, கைப் பம்பு போதும். ஸ்பானர்கள் பெட்டிக்குள். பவர் பாங்க் மட்டும் பெட்டிக்குள் கூடவே கூடாது, கைப்பையில்தான். மோட்டார் வைத்த சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் இந்த யோசனையையே விட்டுவிடலாம். அந்தப் பெரிய பேட்டரியைப் பிரயாணிகள் விமானத்தில் ஏற்றுவதில்லை.

பெட்டியை எங்கள் ஊர்க் குட்டி யானை வண்டியில் திருச்சிக்கு அனுப்பினோம். மறுநாள் இரவு சண்டிகரிலிருந்து போன். எடுத்தவுடன், “அம்மா, வளையல!” என்றாள். எனக்கு அதுவே போதும்! பாக்கு மட்டையில் பல்லின் தழும்பு மட்டும் விழுந்திருந்ததாம். அட்டைப் பெட்டியை அங்கேயே ஒரு கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மட்டையையும் புடவையையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பதினோரு நாளில் லே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரு சைக்கிள் கடையில் முன்பே போனில் சொல்லி வைத்திருந்ததால் திரும்பி வர வேறொரு பெட்டி தயாராக இருந்தது. முகம் கறுத்து, உதடு வெடித்து வந்து சேர்ந்த பெண்ணைப் பார்த்து நான் விளக்கெண்ணெயைத் தேடினால், அவள் பெட்டியைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடுகிறாள்!

அந்த லே பெட்டி இப்போது மடித்துப் பின்கட்டில் இருக்கிறது. நேற்று இவர் அதை விரித்து முற்றத்தில் புளி காயப் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். அதற்குள் பிசுபிசுப்பைத் துடைத்து எடுத்து வைக்க வேண்டும்.