தாத்தாவின் சொல்தா பென்ஷனும் பேரனின் விசாவும்

"எங்க தாத்தா சொல்தா" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கம் இன்றும் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போனவர், பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கியவர் என்று கதை தொடங்கும். பீரோவைத் திறந்தால் பிரெஞ்சில் எழுதிய பழைய பிறப்புப் பதிவு நகலும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஓர் ஏஜென்ட், "இது போதும், பேரனுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்கிடலாம்" என்கிறார். போதுமா?

போதாது. அந்தத் தாத்தா 1962-இல் என்ன செய்தார் என்பதுதான் முதல் கேள்வி. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கை மாறியது. ஆனால் குடியுரிமை அன்றைக்கு மாறவில்லை. இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் தாமாகவே இந்தியர் ஆனார்கள். "பிரெஞ்சுக்காரராகவே இருக்கிறேன்" என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் பழைய குடியுரிமை நீடித்தது. பென்ஷன் பட்டாளத்தில் உழைத்ததற்கு வந்தது. குடியுரிமை அந்தக் கையெழுத்தால் நின்றது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம்.

சரி, தாத்தா எழுதிக் கொடுத்தவர்தான். அப்பாவும் பிரெஞ்சுக்காரர், அவர் வழியாக மகனும் பிரெஞ்சுக்காரர் என்பதுதான் பிரான்சின் பொது விதி. ஆனால் அதற்கு ஒரு கடிவாளம் உண்டு. குடும்பம் 50 ஆண்டுக்கு மேல் பிரான்சுக்கு வெளியிலேயே நிலைத்துவிட்டது. அப்பாவோ மகனோ பிரெஞ்சுக்காரராக நடந்துகொண்டதற்குத் தடயமே இல்லை — பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுக்கவில்லை, துணைத் தூதரகத்தில் பதியவில்லை, அங்கே ஓட்டுப் போடவில்லை. அப்படியானால் வம்சாவளியைச் சொல்லி உரிமையை நிரூபிக்க பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு இடம் தராது. 1962-இலிருந்து எண்ணினால் அந்த 50 ஆண்டு 2012 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. ஆகவே தாத்தா காகிதத்தோடு அப்பாவின் காகிதமும் வேண்டும்.

காகிதம் இருந்தாலும் பெயர் உதைக்கும். முருகன் என்பதில் வரும் 'உ'வுக்கு பிரெஞ்சு எழுத்தர் இரண்டு எழுத்துப் போட்டிருப்பார். இன்றைய ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் ஒன்றுதான் இருக்கும். அங்கே குடும்பப் பெயராக நிற்பது இங்கே இனிஷியலாகச் சுருங்கியிருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட கொம்யூன் பஞ்சாயத்தில் பதிவு நகல் எடுப்பதே முதல் வேலை. ஏஜென்டைத் தேடுவது அதற்குப் பிறகு.

அடுத்தது கல்யாண வழி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளையையோ பெண்ணையோ கட்டினால் மறுநாளே குடியுரிமை வந்துவிடாது. கல்யாணத்துக்கு முன்பே துணைத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். கல்யாணம் இங்கே பதிவாக வேண்டும். பிறகு அது பிரெஞ்சுப் பதிவேட்டிலும் ஏற வேண்டும். அதன் பிறகே துணைக்கான விசா. குடியுரிமை கேட்கக் கல்யாணமாகி குறைந்தது நான்கு ஆண்டு ஆக வேண்டும், சிலருக்கு ஐந்து. பிரெஞ்சு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டிய புகைப்படம் இதற்கெல்லாம் ஈடாகாது.

இந்தியராகவே பிரான்சில் வேலை பார்ப்பவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் வழி உண்டு. பொதுவாக 18 மாதம் முறையாக அங்கே தங்கியிருக்க வேண்டும், போதிய வருமானமும் வீடும் காட்ட வேண்டும். அந்த வழியில் போக முடிந்தவர்கள் மனைவி அல்லது கணவர், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அம்மா, அப்பா, தம்பி, மச்சான் அதில் வரமாட்டார்கள். நம் ஊரில் குடும்பம் என்றால் ஒரு வேன் நிறைய ஆட்கள். விசா சட்டத்துக்குக் குடும்பம் என்றால் ஒரே அறைக்குள் அடங்குபவர்கள். பிரெஞ்சுக் குடிமகனின் பராமரிப்பில் இருக்கும் பெற்றோருக்குத் தனி விசா உண்டு. ஆனால் அது அவர் குடிமகனாக இருப்பதால் வருவது.

பிரான்சுத் தொடர்பே இல்லாத வீட்டுக்குப் பெரும்பாலும் வளைகுடாதான். பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வேண்டும். 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவான ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டாலோ, "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்" என்றாலோ எழுந்து வந்துவிடுவதே நல்லது. அப்படிப் போகிறவர் கணக்கில் இல்லாத தொழிலாளி. அனுமதியோடு போகிறவருக்கு இருக்கும் 10 லட்ச ரூபாய் காப்பீடும் அவருக்குக் கிடையாது.

கடைசியாக ஒன்று. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு வாங்கும் ஓசிஐ அட்டை ஆயுளுக்கும் விசா இல்லாமல் வந்து போக உதவும். ஓட்டுரிமை தராது, விவசாய நிலம் வாங்கவும் விடாது. பாகூர் ஏரிப் பாசனத்தில் அப்பா விட்டுப்போகும் வயல் வாரிசாக வரலாம். பக்கத்து வரப்புக்காரர் விற்கும் அரைக்காணியை மட்டும் வாங்க முடியாது.

ரத்தம், கல்யாணம், வேலை என்று வழிகள் தனித்தனி. ஒன்றின் காகிதம் இன்னொன்றுக்கு உதவாது. ஏஜென்ட் வீட்டுக்கு வந்தால், எந்த வழியில், எந்தச் சட்டப்படி, யார் யார் போகலாம் என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள். எழுதித் தராதவரிடம் பீரோ சாவியைக் கொடுக்காதீர்கள்.