பயண நிரலில் அகப்படாத கூழ்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போய்வரும் வசதி கூடிய அளவுக்கு, அங்கே போவோர் உண்ணும் உணவில் அந்த மண்ணின் சுவை கூடவில்லை. 1956இல் ஓடத் தொடங்கி, போரினால் 1990இல் நின்றுபோன யாழ்தேவி புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபின், கொழும்பில் காலையில் ஏறுபவர் ஆனையிறவைக் கடந்து அன்றைய பகலுக்குள்ளேயே நகரில் இறங்கிவிடுகிறார். ஆயினும் உணவகத்தில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கொத்துரொட்டியும் பிரியாணியும், மிஞ்சினால் ஒரு நண்டுக்கறியும்தான். ஜப்பானியப் புகையிரத நிலையங்களில் அந்தந்த வட்டாரத்து விளைபொருளைச் சமைத்துப் பெட்டியில் அடைத்து விற்கும் 'எக்கிபென்' என்னும் உணவுப்பொதி, தேடாமலே ஊரின் சுவையைப் பயணியின் கையில் சேர்த்துவிடுகிறது. இலங்கைப் புகையிரதங்களில் ஏறி விற்கப்படும் வடையும் கச்சானும் எந்த ஊருக்கும் பொதுவானவை.

குடாநாட்டுக்கே உரிய உணவு எது என்றால் ஒடியற்கூழைத்தான் முதலில் சொல்லவேண்டும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத, மழைநீரையும் சுண்ணக்கல்லுக்கடியில் தேங்கும் கிணற்று நீரையும் நம்பிய இந்நிலத்தில், நெல் பொய்த்தாலும் பனை பொய்ப்பதில்லை. பனம்விதையைப் பாத்தியிலிட்டு முளைக்கவைத்துப் பெறும் கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் அது ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்தெடுத்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கசப்பு நீங்க மேல்நீரை வடித்த பின்னரே கூழுக்கு எடுப்பர். ஒருபிடி அரிசி, பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளிக்கிழங்கு ஆகியவை கொதிக்கும் பானையில் நண்டும் இறாலும் மீன்தலையும் சேர்ந்து வெந்தபின், அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் மாவோடு கரைந்து இறங்கும்போது குழம்புக்கும் கஞ்சிக்கும் இடைப்பட்ட தடிப்பு வருகிறது.

இதைச் சில உணவகங்கள் இன்று கிண்ணத்தில் ஊற்றி விற்கின்றன. அது சூப்பாகலாம், கூழாகாது. உறவும் அயலும் கூடிய நாளில் பெரிய பானையில் காய்ச்சி, முற்றத்தில் வட்டமாக இருந்து, கோலிய பிலாவிலையில் வார்த்து உறிஞ்சப்படும் உணவை ஒற்றை விருந்தினருக்கு அளந்து கொடுக்க வழியில்லை. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் யாழ்ப்பாணத்தார்கூட ஆட்கள் சேரும் நாள் பார்த்தே இதைக் காய்ச்சுகின்றனர் என்பது கருதத்தக்கது.

காலம் அறியாமல் வருபவருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவின்போது பல வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், அடுப்பேறாது. அந்நாட்களில் வந்து ஒடியற்கூழ் கேட்பவரை யாரும் குறைசொல்ல மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். ஆடி முதல்நாளில் வருபவருக்கோ பச்சையரிசி மா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி கொண்டு காய்ச்சும் இனிப்பான ஆடிக்கூழ் கிடைக்கும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடலால் அது இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் அனைவருக்கும் அறிமுகமானது.

காசு கொடுத்து வாங்கமுடியாத மற்றொரு சாப்பாடு தீவகத்தில், அதாவது குடாநாட்டை அடுத்த தீவுகளில், உள்ளது. பண்ணைத் தாம்போதி வழியாக வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து, குறிகட்டுவான் துறையில் படகேறினால் நயினாதீவு. மணிமேகலை அமுதசுரபி என்னும் அள்ளக்குறையாத பாத்திரத்தைப் பெற்ற மணிபல்லவம் இத்தீவே என்று கருதுவோர் பலர். அது முடிந்த முடிபன்று. ஆனால் நாகபூசணி அம்மன் கோயிலுக்கு வருவோருக்குச் சோறிடும் அன்னதான மண்டபம் அமுதசுரபி என்றே பெயர் தாங்கி நிற்கிறது. கோயிலையும் நாகவிகாரையையும் காலையிலேயே காட்டி, மதியச் சாப்பாட்டுக்கு நகரத்து விடுதிக்குத் திரும்பும்படி பயண நிரலை வகுப்பவர்கள், குடாநாட்டாரோடு ஒரே வரிசையில் இருந்து உண்ணும் அந்தப் பந்தியைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்.