கல்லைக் கருவியாக்கிய மண்ணில், கலையும் அறிவியலும் யாருக்கு?

"கம்பெனிக்குப் போறவனுக்கு மியூசியம் எதுக்கு? மாசம் சம்பளம் வந்தா போதாதா?"

கும்மிடிப்பூண்டி பக்கம் அருங்காட்சியகம், கலை விழா, அறிவியல் முகாம் என்று பேச்செடுத்தாலே சில பேர் கேட்கும் கேள்வி இது. அவர்களுக்கு இந்த மாவட்டத்து மண்ணே பதில் சொல்லும்.

1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார் ராபர்ட் புரூஸ் ஃபூட். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அவர் வந்து சேர்ந்த இடம் நம்ம பூண்டிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கம். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், ஆதி மனிதன் கையால் செதுக்கிய கைக்கோடரிகள் கிடைத்தன. 2011-இல் சாந்தி பப்பு தலைமையிலான ஆய்வுக் குழு அந்தக் கருவிகளின் சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2018-இல் இன்னொரு செய்தி: சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கருவி செய்யும் தொழில்நுட்பம் அடுத்த கட்டத்துக்கு மாறிவிட்டது!

இந்தக் கருவி மரபுக்குத் தொல்லியலாளர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'மெட்ராஸ் இண்டஸ்ட்ரி'. ஆமாம் தோழர்களே, சிப்காட் வருவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மாவட்டத்தில் பட்டறை ஓடியிருக்கிறது. அந்தப் பட்டறைக்காரனின் வரலாறு தொழிலாளிக்கு எதுக்குனு கேட்டா, வேறு யாருக்குச் சொந்தம் அது?

கீழடிக்கு வேன் பிடித்துப் போகிறோம். பெருமைதான், போகணும். ஆனால் பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் பார்க்கும் எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம்?

இது மக்களின் குற்றம் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கல்லை வைத்துப் பெயர்ப் பலகை மாட்டினால் மட்டும் அருங்காட்சியகத்தின் வேலை முடிந்துவிடாது. அந்தக் கல்லை எப்படிச் செதுக்கினார்கள் என்று கண்ணெதிரே செய்து காட்டணும். மண்ணில் புதைந்த கல்லின் வயதை விண்வெளிக் கதிர்களின் தடயத்தை வைத்துக் கண்டுபிடித்த கதையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லணும். பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் நம்ம மொட்டை மாடியிலிருந்தே தெரியும். ஆனால் அது எப்படிப் பறக்குதுனு கேட்டால் பதில் சொல்ல நம்ம ஊரில் ஒரு பொது இடம் வேண்டாமா?

எழும்பூர் போ, கிண்டி போ என்பார்கள். காலையில் திறந்து மாலையில் மூடும் இடத்துக்கு, அதே நேரத்தில் மெஷின் முன்னால் நிற்பவன் எப்படிப் போவான்? 1965-லேயே கொல்கத்தா பிர்லா அருங்காட்சியகம் அறிவியல் கண்காட்சியைப் பேருந்தில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியது. அறுபது ஆண்டுக்கு முன்னால் முடிந்தது இன்றைக்கு முடியாதா?

"முதல்ல தண்ணி, காத்து, அப்புறம்தான் கலை" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தண்ணிக்காகவும் காத்துக்காகவும்தான் அறிவியல் கேட்கிறோம்! தன் வீட்டு போர் தண்ணீரைத் தானே சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஊரை யாராலும் ஏமாற்ற முடியாது.

காசு எங்கே? சட்டத்திலேயே இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்க்கும் நிறுவனம், மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் பகுதிக்கே முன்னுரிமை தர வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கல்வி இருக்கிறது, பாரம்பரியம், கலை, பண்பாடு எல்லாம் இருக்கிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 51ஏ. கடமை மட்டும் நமக்கு, வசதி மட்டும் நகரத்துக்கா?

நம் கோரிக்கைகள்:

1. பூண்டியில் ஞாயிறுதோறும் கற்கருவிப் பயிற்சி, அறிவியல் செய்முறை. வழிகாட்டிகளாக உள்ளூர் இளைஞர்கள், ஊதியத்துடன்.

2. சிப்காட் வாசலுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் நடமாடும் அருங்காட்சியகம். ஷிப்ட் முடியும் நேரத்தில் வரணும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அதில் இடம் வேண்டும்.

3. மாதம் ஒருமுறை தெருக்கூத்து, பறை, பம்பை. இருளர் மக்களின் மூலிகை அறிவுக்கும் அதே மேடை. கலைஞருக்குப் பொன்னாடை மட்டும் போதாது, கௌரவமான சம்பளம் வேண்டும்.

4. நிறுவனங்களின் சமூக நிதியில் இந்த மாவட்டத்தின் கலைக்கும் அறிவியலுக்கும் போனது எவ்வளவு? மாவட்ட நிர்வாகம் பட்டியலை வெளியிடட்டும்.

உழைப்பவன் கைக்குக் கூலி மட்டுமில்லை, அவன் பிள்ளையின் கண்ணுக்குக் கனவும் வேண்டும். சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம்.

பகிருங்கள் தோழர்களே! இந்த ஞாயிறே பிள்ளைகளோடு பூண்டிக்குப் போங்கள். நம்ம கூட்டமே முதல் கோரிக்கை மனுவாக இருக்கட்டும்.

#பூண்டிக்குப்_போவோம்
#தொழிலாளிக்கும்_கலை_தொழிலாளிக்கும்_அறிவியல்