கிருமி படிப்பில் 3 வகை பட்டம்... பீஸ் கட்டும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

"என் பொண்ணு மைக்ரோபயாலஜி படிக்குது" என்று பெருமையாக சொல்லும் பெற்றோர் பல பேர். ஆனால் அது எந்த மைக்ரோபயாலஜி என்று கேட்டால் பதில் வராது. நுண்ணுயிரியல் மேற்படிப்பில் மூன்று வகை இருக்கிறது. மூன்றுக்கும் வேலையும் வேறு, மரியாதையும் வேறு. இது தெரியாமல் சேர்ந்துவிட்டு பிறகு தவிப்பவர்கள் ஏராளம்.

எது என்ன படிப்பு?

எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்கள் 'நீட்' முதுகலை தேர்வு எழுதி சேருவது எம்.டி. மைக்ரோபயாலஜி. இது 3 ஆண்டு படிப்பு. கலை, அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. முடித்தவர்கள் படிப்பது சாதாரண எம்.எஸ்சி. இது 2 ஆண்டு. இவை இரண்டுக்கும் நடுவில் மருத்துவ கல்லூரிக்குள்ளேயே நடக்கும் எம்.எஸ்சி. மெடிக்கல் மைக்ரோபயாலஜி இருக்கிறது. இது பெரும்பாலும் 3 ஆண்டு.

காய்ச்சல் வந்தால் டெங்குவா, டைபாய்டா என்று கண்டுபிடிப்பதும், எந்த மருந்துக்கு கிருமி சாகும், எதுக்கு சாகாது என்று சொல்வதும் இவர்கள் துறைதான். 2020-ல் கொரோனா வந்தபோது ராத்திரி பகல் பார்க்காமல் சளி மாதிரிகளை சோதித்த லேப்களில் எம்.எஸ்சி. படித்தவர்களும் ஏராளமாக உழைத்தார்கள்.

சென்னை மாணவியின் சாதனை

இந்த படிப்பின் அருமைக்கு சென்னையே சாட்சி. 1986-ல் சென்னை மருத்துவ கல்லூரியில் மைக்ரோபயாலஜி மேற்படிப்பு படித்தவர் டாக்டர் நிர்மலா. "இந்தியாவில் எய்ட்ஸ் எல்லாம் கிடையாது" என்று பலரும் நம்பிய காலம் அது. பேராசிரியை சுனிதி சாலமன் ஆய்வு தலைப்பாக எய்ட்சை கொடுத்தார். பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்த நிர்மலா, அந்த மாதிரிகளை வீட்டு பிரிட்ஜில் பத்திரப்படுத்தி, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோய் சோதித்தார். 6 பேருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. நாட்டில் அந்த கிருமி நுழைந்துவிட்டது என்பது ஒரு மாணவியின் ஆய்வால்தான் வெளியே வந்தது. சுனிதி சாலமனுக்கு அவர் மறைந்த பிறகு 2017-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சட்டம் போட்ட முட்டுக்கட்டை

படிப்பு பெரிசு, சரி. வேலை? இங்கேதான் சிக்கல். லேப் ரிப்போர்ட்டில் யார் கையெழுத்து போடுவது என்ற தகராறு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. நோய்க்குறியியலில் மேற்படிப்பு முடித்த, பதிவு பெற்ற டாக்டரே கையெழுத்து போட வேண்டும் என்று 2017 டிசம்பரில் கோர்ட்டு கூறியது. பிறகு விதிகளில் திருத்தம் வந்தாலும் உரசல் ஓயவில்லை.

அடுத்த அடி 2020-ல் விழுந்தது. அதுவரை மருத்துவ கல்லூரி மைக்ரோபயாலஜி துறையில் 30 சதவீத ஆசிரியர் இடம் வரை டாக்டர் அல்லாத எம்.எஸ்சி., பி.எச்டி. பட்டதாரிகளுக்கு தரலாம் என்று இருந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் புது விதி அந்த கதவை மூடியது. பல ஆண்டு போராட்டத்துக்கு பிறகு 2025-ல் வந்த விதிகள் மறுபடியும் திறந்துவிட்டன. ஆனால் நடுவில் 5 வருஷம் வாய்ப்பை இழந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

கேட்காமல் சேராதீங்க!

இதில் தெரிய வேண்டிய பாடம் ஒன்று. மருத்துவ கல்லூரி ஆசிரியர் வேலைதான் கனவு என்றால், சாதாரண எம்.எஸ்சி.யும் மெடிக்கல் எம்.எஸ்சி.யும் ஒன்று என்று நினைத்து ஏமாறக்கூடாது. மருந்து கம்பெனி, பால் பண்ணை, உணவு தயாரிப்பு, தண்ணீர் சோதனை போன்ற இடங்களுக்கு சாதாரண எம்.எஸ்சி.யே போதும்.

ஆகவே பீஸ் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்க. இது எந்த வகை பட்டம்? அங்கீகாரம் இருக்கிறதா? ஆஸ்பத்திரி லேப்பில் நேரடி பயிற்சி உண்டா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத கல்லூரியில் பணத்தை கட்டிவிட்டு பிறகு புலம்பி பிரயோஜனம் இல்லை.