கட் பண்றது மெஷினு, ஏச்சு வாங்குறது எங்க அத்தையா?

மக்களே, இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி. அதனால ரெண்டு மாசமா மனசுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த ஒண்ணை இறக்கி வச்சிடுறேன். கொஞ்சம் டெக்னிகலா இருக்கும், பாதியில எஸ்கேப் ஆயிடாதீங்க.

ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா சிவகிரி. 2019-க்கு முன்னாடி திருநெல்வேலி மாவட்டம், இப்ப தென்காசி மாவட்டம். வடக்கே போனா ராஜபாளையம், 1936-லயே ஸ்பின்னிங் மில் வந்த ஊர். தென்கிழக்கே சங்கரன்கோவில், விசைத்தறி ஊர். நடுவுல இருக்குற எங்க ஊர்ல விடியக்காலம் மில் வண்டி ஹாரன் கேக்காத தெரு கிடையாது. அந்த வண்டியிலதான் எங்க அத்தை பதினெட்டு வருஷமா போறாங்க, வைண்டிங் டிபார்ட்மென்டுக்கு.

என்னைப் பாத்ததும் கேட்டாங்க: "எய்யா, நீ இஞ்சினீருக்குத்தான படிச்ச? எங்க மெஷின்ல புதுசா ஒரு கண்ணு மாட்டிருக்காவ. சும்மா சும்மா நூலை அத்துப் போடுது. உற்பத்தி கொறைஞ்சிட்டுன்னு எங்களைப் புடிச்சு ஏசுதாவ. அத்தது அதுவா, நானாய்யா?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ரிங் பிரேம்ல நூத்த நூல் சின்னச் சின்ன காப்ஸா வரும். ஒரு காப்ஸ் சுமார் 50 கிராம். அதையெல்லாம் ஒண்ணா இணைச்சு பெரிய கோனா சுத்துறது ஆட்டோகோனர். சுத்துறப்பவே நூல்ல தடிமன், மெலிவு, அழுக்கு இருந்தா கண்டுபிடிச்சு வெட்டி எறியணும். அந்த வேலையைச் செய்யுற சென்சாருக்குப் பேரு யார்ன் கிளியரர். அத்தை சொன்ன "கண்ணு" அதுதான்.

இந்தக் கண்ணுல முக்கியமா ரெண்டு சாதி. 1960-ல சுவிட்சர்லாந்து ஊஸ்டர் கம்பெனி கொண்டு வந்தது கெப்பாசிட்டிவ் வகை. ரெண்டு தகடு, நடுவுல நூல் ஓடும். நூலோட நிறை கூடினா கெப்பாசிட்டன்ஸ் கூடும். காலேஜ்ல மொதல் வருஷம் மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்தோமே, அதே கெப்பாசிட்டர்தான். இன்னொண்ணு ஆப்டிகல். வெளிச்சம் அடிச்சு நூலோட நிழலைப் பாக்கும், அதாவது அகலத்தை. அதே நாட்டு லோப்ஃபே கம்பெனி இதுல பேர் போனது.

இங்கதான் நம்ம ஆளுங்க சண்டை போடுவாங்க. "ஆப்டிகல்தான் பெஸ்ட்", "கெப்பாசிட்டிவ்தான் பெஸ்ட்"னு. ரஜினியா கமலான்னு டீக்கடையில பேசுற மாதிரி. ரெண்டும் அளக்குறதே வேற வேற சார்! ஒண்ணு எடையைப் பாக்குது, இன்னொண்ணு உருவத்தைப் பாக்குது. நிறை ரெண்டு மடங்கானா அகலம் கணக்குப்படி 41 சதவீதம்தான் கூடும். முறுக்கு வேற சும்மா இருக்காது. மெலிஞ்ச இடத்துல போய் ஏறி இறுக்கிக்கும், தடிச்ச இடத்துல தளர்ந்து உப்பிக்கும்.

ஈரம்னு எடுத்துக்கிட்டா தண்ணியோட மின்காப்பு மாறிலி சுமார் 80, காய்ஞ்ச பஞ்சோடது ஒற்றை இலக்கம். எல்லா நூலும் ஒரே மாதிரி ஈரமா இருந்தா கெப்பாசிட்டிவ் சமாளிச்சுக்கும், அது சராசரியோட ஒப்பிட்டுத்தான் பாக்குது. ஒரு காப்ஸ் நனைஞ்சு பக்கத்துக் காப்ஸ் காய்ஞ்சு கிடந்தா குழம்பிடும். சாரல் காலத்துல எங்க பக்கம் இதை யோசிக்காம வாங்கினா கஷ்டம். ஆப்டிகலுக்கு ஈரம் பிரச்சனை இல்லை, ஆனா பஞ்சுத் தூசி கண்ணுல படிஞ்சா அதுக்கும் கண்ணு மறைக்கும்.

அப்ப எது நல்லது? அந்தக் கேள்வியே தப்புங்கறேன். உங்க நூல்ல என்ன கோளாறு, நூல் எங்க போகுதுன்னு முதல்ல சொல்லுங்க. திருப்பூர் பனியனுக்குப் போனா கண்ணுக்குத் தெரியுற தடிப்பு முக்கியம். சங்கரன்கோவில் தறியில பாவு நூலா ஓடணும்னா அறுந்து தொலைக்குற மெலிஞ்ச இடம் முக்கியம். இதைக் கேக்காம பிரவுச்சர் பாத்து சென்சார் வாங்குறது, காய்ச்சலா வயித்துவலியான்னு சொல்லாம மெடிக்கல்ல போய் "இருக்குறதுலயே விலை கூடின மாத்திரை குடுங்க"ன்னு கேக்குற கதை.

அடுத்தது செட்டிங். புதுக் கண்ணு வந்தவுடனே "டைட் பண்ணு, இன்னும் டைட் பண்ணு"ன்னு ஒரு கூட்டம். வாங்க கணக்கு போடுவோம். 40-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோ சுமார் 68 கிலோமீட்டர். ஒன்றரைக் கிலோ கோன்ல 100 கிலோமீட்டர் நூல், எங்க ஊர்ல இருந்து கிட்டத்தட்ட மதுரை. நிமிஷத்துக்கு 1200 மீட்டர் வேகத்துல நிக்காம ஓடினா 83 நிமிஷம். ஒவ்வொரு கட்டுக்கும் வெட்டி, இணைச்சு, திரும்ப ஓட பத்து செகண்ட்னு வைங்க. 50 கட் வந்தா எட்டு நிமிஷம் போச்சு. 150 கட் வந்தா 25 நிமிஷம் போச்சு. 91 சதவீதம் ஓடின டிரம் 77-க்கு விழுந்துடும். காப்ஸ் மாத்துறப்ப வர்ற முப்பது இணைப்பு இதுல சேத்தி இல்லை.

அதோட ஒவ்வொரு கட்டும் ஒரு இணைப்பு. ஸ்பிளைசர் எவ்வளவு நல்லா இணைச்சாலும் பொதுவா அந்த இடம் மத்த நூலை விடப் பலம் கம்மி. குத்தம் இல்லாத இடத்துல வெட்டினா, இல்லாத குத்தத்தை நாமளே கோனுக்குள்ள வச்சு அனுப்புறோம்னு அர்த்தம்.

இப்ப சொல்லுங்க, அந்த 14 சதவீதம் எங்க அத்தை தூங்கினதால குறைஞ்சதா? செட்டிங்கை மாத்தினவரு ஏசி ரூம்ல இருக்காரு. இன்சென்டிவ் போனது அத்தைக்கு.

அத்தை ஒரு பழைய நோட்டை எடுத்துக் காமிச்சாங்க. மெஷின் வெட்டிப் போட்ட துண்டு நூல்களைப் பசை தடவி ஒட்டி வச்சிருந்தாங்க, பக்கத்துல தேதியும் டிரம் நம்பரும். எண்ணிப் பாத்தேன். பாதிக்கு மேல நீலத்துலயும் பச்சையிலயும் பிளாஸ்டிக் இழை. "இது உரச்சாக்கு இழைய்யா. பஞ்சோட வருது. அந்தக் கண்ணு மேல தப்பில்ல, கண்டதைத்தான் அத்துது" அப்படின்னாங்க. பி.இ. படிச்சவனுக்குக் கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு. நான் அதுக்குள்ள மனசுல ஒரு டேஷ்போர்டு டிசைன் பண்ணி முடிச்சிருந்தேன்.

கலர் இழையாவது பரவாயில்லை. வெள்ளைச் சாக்கு இழை இன்னும் மோசம். வெள்ளைப் பஞ்சுக்குள்ள கலரைத் தேடுற சென்சாருக்கு அது தெரியாது. துணியாகி சாயம் போட்டப்புறம், சாயம் ஏறாம பல்லைக் காட்டும். அதுக்குன்னே உரசினா வர்ற மின்னூட்டத்தை வச்சுப் பிடிக்குற சென்சார் இருக்கு, கெப்பாசிட்டிவையும் ஆப்டிகலையும் சேத்துப் பாத்துப் பிடிக்குற வகையும் இருக்கு. உங்க பிரச்சனை அதுன்னா அதுக்குக் காசு குடுங்க, வேண்டாங்கல. ஆனா சாக்கு வர்றது எங்க இருந்து? காட்டுல பருத்தி எடுக்குற சம்சாரி கையில இருக்குறது உரச்சாக்குதான். துணிப்பை வாங்கி, சுத்தமா எடுத்துக் குடுத்தா கிலோவுக்கு எவ்வளவு கூடத் தருவீங்க? 2000-ல பருத்தித் தொழில்நுட்ப இயக்கம்னு மத்திய அரசு ஆரம்பிச்சது, 2020-ல கஸ்தூரி காட்டன்னு பேர் வச்சது, எல்லாம் இந்தச் சுத்தத்தையும் தரத்தையும் பேசினதுதான். பேரு நல்லா இருக்கு. எங்க பக்கம் காட்டுல இன்னும் உரச்சாக்குதான்.

இன்னொரு உதாரணம். தடிப்பு 8.5 சென்டிமீட்டருக்கு ஒருக்கா முறை வச்சு வருதுன்னா, ரிங் பிரேம்ல முன் ரோலரைப் பாருங்க. 27 மில்லிமீட்டர் ரோலரோட சுற்றளவு அவ்வளவுதான். ரோலரை மாத்துறதை விட்டுட்டு வைண்டிங்ல வெட்டிக்கிட்டே இருந்தா, ஓட்டை வாளியை மாத்தாம தரையைத் துடைச்சுக்கிட்டே இருக்குற மாதிரி.

கடைசியா நம்ம இனத்துக்கு வர்றேன். "மச்சி, ஏஐ கேமரா மாட்டிடலாம், எல்லா டிபெக்டும் தெரிஞ்சிரும்"னு சென்னையில ஒரு நண்பன் சொன்னான். டேய், நூலோட அகலம் 0.15 மில்லிமீட்டர் கூட இல்லை. செகண்டுக்கு 20 மீட்டர் ஓடுது. ஒரு மில்லி செகண்டுல 2 சென்டிமீட்டர் தாண்டிருக்கும். மெஷினுக்கு 60 டிரம்னா 60 கேமரா. அந்த இடத்துக்குத் தகட்டுக் கண்ணும் நிழல் கண்ணும்தான் சரி. ஏஐ வேணும்னா, எந்தக் காப்ஸ் எந்த ஸ்பிண்டில்ல இருந்து வந்து எத்தனை தடவை வெட்டு வாங்குச்சுன்னு பாக்கட்டும். அந்த வேலை உருப்படியானது. அதைத்தான் அத்தை நோட்டுல பண்ணிக்கிட்டு இருக்காங்க, ஒரு ரூபா சம்பளம் கூடாம.

ஆக மில் முதலாளிகளே, மாஸ்டர்களே, சென்சார் விக்குற அண்ணாச்சிகளே! வாங்குறதுக்கு முன்னாடி உங்க மில்லுலயே மோசமான காப்ஸை ஓட்டிப் பாருங்க. வெட்டின துண்டை வெளியே எடுத்துக் கண்ணால பாருங்க. செட்டிங்கை மாத்துற அன்னைக்கே உற்பத்தி டார்கெட்டையும் மாத்துங்க. டிரம் முன்னாடி நிக்குறவங்களை ஏசுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க.

அத்தைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அத்தே, அத்தது அது. அதை அப்படி அக்க வச்சது மேல இருக்குறவங்க. நீங்க இல்ல." அத்தை சிரிச்சுட்டு, "இதை அங்க வந்து சொல்லேன்"னாங்க.

அங்க வந்து சொல்ல முடியாததாலதான் இங்க எழுதுறேன்.

டிஸ்கி: அத்தையோட அடுத்த நோட்டுக்கு நான்தான் ஸ்பான்சர். பசையும் சேத்து.